நிணநீர்ப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை: டர்பனில் ஏன் இன்னும் கைவிடவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் யாருக்கேனும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தால், இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் அடுத்த சில நாள்களிலேயே சொல்லக்கூடும். பிள்ளைகள் இணையத்தில் தேடினால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வகை லிம்போமாக்களுக்கு இந்தப் பரிசோதனையை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள் என்று படிக்க நேரும். "அங்கே வேண்டாம் என்று விட்டதை இங்கே எங்கள் அம்மாவுக்கு ஏன் செய்கிறீர்கள், டாக்டர்?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மருத்துவம் பின்தங்கியது என்பதல்ல அதற்கு விடை. பரிசோதனையைக் கைவிடலாம் என்று காட்டிய ஆய்வுகள் எந்த நோயாளிகளிடம், எந்தக் கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்டனவோ, அந்த நோயாளிகளும் அந்தக் கருவிகளும் இங்கே அதே அளவில் இல்லை என்பதே விடை.

லிம்போமா, லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய். கழுத்திலும் அக்குளிலும் கவட்டிலும் நெறி கட்டுவதாகவே பெரும்பாலும் அது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் லிம்போசைட்டுகள் உடலெங்கும் சுற்றி வருபவை; ஆகவே இந்த நோயும் ஓரிடத்திலேயே அடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பதை நான்கு படிநிலைகளாகப் பிரிக்கும் முறை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஆன் ஆர்பர் நகரில் 1971-இல் கூடிய மாநாட்டில் உருவானது. அந்த முறைப்படி எலும்பு மஜ்ஜையில் நோய் இருந்தால் அது நான்காம் படிநிலை. மஜ்ஜைத் துண்டைச் சிதையாமல் வெளியே எடுக்க உதவும், முனை குறுகிய ஊசியைக் கோஸ்ரோ ஜம்ஷீதி என்ற மருத்துவர் வெளியிட்டதும் அதே 1971-இல்தான். அளவுகோலும் கருவியும் ஓராண்டிலேயே வந்து சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு லிம்போமா நோயாளிகள் அனைவருக்கும் மஜ்ஜைப் பரிசோதனை என்ற வழக்கம் நிலைபெற்றதற்கு அந்தச் சேர்க்கையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

படிநிலை என்பது வெறும் எண்ணல்ல. லிம்போமாவின் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமா தொடக்க நிலையில் இருந்தால் சில சுற்று மருந்தும் கதிர்வீச்சும் போதும். பரவிய நிலையில் இருந்தால் மருந்துச் சுற்றுகள் கூடுகின்றன அல்லது கடுமையான மருந்துச் சேர்க்கை தேவைப்படுகிறது. வேகமாக வளரும் லிம்போமாக்களில் நோயின் போக்கை முன்கணிக்க 1993-இல் வெளியான பன்னாட்டுக் குறியீடு, வயது, இரத்தத்தில் எல்.டி.எச். என்னும் நொதியின் அளவு, நோயாளியின் நடமாடும் திறன், படிநிலை, நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே எத்தனை இடங்களில் நோய் உள்ளது ஆகிய ஐந்தையும் கணக்கில் எடுக்கிறது. மஜ்ஜையில் நோய் இருப்பது இவற்றுள் கடைசி இரண்டையும் தொடுவதால், ஒரே கண்டுபிடிப்பு இரண்டு புள்ளிகள்வரை கூட்டிவிட முடியும்.

பரிசோதனை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் அரைகுறைச் செய்தியிலிருந்து வருவது. நோயாளி ஒருக்களித்தோ குப்புறவோ படுத்திருக்க, இடுப்பெலும்பின் பின்புற மேட்டில், தோலிலும் எலும்பின் மேலுறையிலும் மரத்துப்போகும் மருந்து செலுத்தப்படுகிறது. பிறகு எடுக்கப்படுபவை இரண்டு வேறுவேறு மாதிரிகள். முதலாவது, சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் திரவ மஜ்ஜை. உறிஞ்சும் அந்தச் சில நொடிகளில் சுளீரென்று ஒரு வலி வரும். எலும்பின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்ய வழியில்லை என்பதால் அதை முழுவதும் தவிர்க்க முடியாது. இரண்டாவது, குழல் போன்ற ஊசியைத் திருகிச் செலுத்தி எடுக்கும் திடமான எலும்புத் துண்டு. திரவ மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றினால் ஒவ்வோர் அணுவின் உருவமும் தெளிவாகத் தெரியும். ஓட்ட அணு ஆய்வுக் கருவியில் செலுத்தினால் அணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை எண்ணி வகைப்படுத்த முடியும். ஆனால் எந்த அணு எங்கே, எதன் அருகே இருந்தது என்பதை அது சொல்லாது. அந்த அமைப்பு எலும்புத் துண்டில்தான் குலையாமல் இருக்கிறது.

லிம்போமாவைப் பொறுத்தவரை இந்த அமைப்பே பெரும்பாலும் தீர்ப்பைச் சொல்கிறது. மெதுவாக வளரும் வகையான ஃபாலிக்குலர் லிம்போமாவின் அணுக்கள் மஜ்ஜைக்குள் எலும்புத் தகடுகளை ஒட்டியே படிகின்றன. நுண்ணிழைகளால் பிணைக்கப்பட்டிருப்பதால் அவை சிரிஞ்சின் இழுப்புக்கு எளிதில் வருவதில்லை. ஹாட்ஜ்கின் நோயில் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்னும் பெரிய அணுக்கள் வெகு சிலவே இருக்கும், அவற்றைச் சுற்றி நார்த்திசு பெருகியிருக்கும்; திரவ மாதிரியில் அவை அகப்படுவது அபூர்வம். சில நேரங்களில் எவ்வளவு இழுத்தும் சிரிஞ்சில் ஒன்றுமே வராது. அப்படிப்பட்ட வறண்ட இழுப்பு செய்தவரின் கைக்குறையாகவே இருக்க வேண்டியதில்லை. மஜ்ஜையில் நாரோ நோயோ அடைந்திருப்பதன் குறியாகவும் இருக்கலாம். அதே வேளையில் முதியவர்களின் மஜ்ஜையிலும், எச்.ஐ.வி. உள்ளவர்களின் மஜ்ஜையிலும், புற்றுநோய் அல்லாத லிம்போசைட் திரள்கள் சாதாரணமாகவே காணப்படுவதுண்டு. அவற்றை நோயிலிருந்து பிரித்தறிய சி.டி.20, சி.டி.3, சி.டி.30 போன்ற புரதங்களைக் காட்டும் எதிர்ப்பொருள் சாயங்கள் வேண்டும். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை முதலில் கரைத்து நீக்கினால்தான் துண்டை மெல்லிய சீவல்களாக வெட்ட முடியும் என்பதாலும், ஒரு சாயத்தின் முடிவைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதாலும், இறுதி அறிக்கை வரப் பல நாள்கள் ஆகின்றன. அதற்குள் "இன்னும் ரிசல்ட் வரவில்லையா?" என்று தினமும் தொலைபேசியில் கேட்கும் குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி, மேலை நாடுகளில் மாற்றம் வந்த கதைக்கு வருவோம். பெட் சி.டி. என்னும் படப்பரிசோதனையில், கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை இரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். வேகமாகப் பெருகும் புற்றணுக்கள் அதை மிகுதியாக எடுத்துக்கொள்வதால் படத்தில் ஒளிர்கின்றன. ஊசி ஒரு சிறு துண்டு மஜ்ஜையை மட்டும் தொடும்போது, இந்தப் படம் முதுகெலும்பு முதல் தொடையெலும்பு வரை முழு மஜ்ஜையையும் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. 2012-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கின் நோயாளிகள் 454 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 27 பேருக்கு, அதாவது 6 விழுக்காட்டினருக்கு, மஜ்ஜைத் துண்டில் நோய் இருந்தது. அந்த 27 பேரில் ஒருவரையும் பெட் சி.டி. தொடக்க நிலை நோயாளி என்று தவறாகக் கணித்திருக்கவில்லை. மஜ்ஜை முடிவு ஐந்து பேரின் படிநிலையை மூன்றிலிருந்து நான்குக்கு உயர்த்தியதே தவிர, எவருடைய சிகிச்சையையும் அது மாற்றியிருக்காது. லிம்போமாவின் படிநிலையைக் கணிப்பதற்கான, 2014-இல் வெளியான லுகானோ வகைப்பாடு என்னும் பன்னாட்டு நெறிமுறை இத்தகைய சான்றுகளை ஏற்று, பெட் சி.டி. எடுக்கப்பட்டிருந்தால் ஹாட்ஜ்கின் நோய்க்கு மஜ்ஜைப் பரிசோதனை வேண்டியதில்லை என்றது. பரவலாகக் காணப்படும் பெரிய பி-அணு லிம்போமாவில், படத்தில் மஜ்ஜை நோய் தெரியாமலும், அங்கே வேறு வகை நோய் மறைந்திருக்கிறதா என்று அறிவது சிகிச்சைக்கு முக்கியமாகவும் இருந்தால் மட்டும் செய்யலாம் என்றது.

ஒரு பரிசோதனை இப்படி ஓய்வு பெறுவது இத்துறைக்குப் புதிதல்ல. 1960-களின் இறுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஹாட்ஜ்கின் நோயின் படிநிலையை அறிவதற்காகவே வயிற்றைத் திறந்து மண்ணீரலை அகற்றிப் பார்க்கும் அறுவை வழக்கில் இருந்தது. சி.டி. படங்கள் மேம்பட்டு, உடல் முழுவதையும் எட்டும் மருந்துகளே சிகிச்சையின் மையமான பிறகு அது மறைந்தது. இன்று அதைக் கேட்பவர்களுக்கு நம்பக்கூட முடிவதில்லை. மஜ்ஜைப் பரிசோதனையும் அதே வழியில் போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஐரோப்பாவைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் அந்த வாதம் இரண்டு இடங்களில் தடுக்கி நிற்கிறது. முதலாவது எச்.ஐ.வி. 2022-இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வின்படி இந்நாட்டில் ஏறக்குறைய 78 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், குவாசுலு-நட்டால் அதன் சுமையை மிகுதியாகத் தாங்கும் மாகாணங்களில் ஒன்று. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பெரிய பி-அணு லிம்போமா, பர்கிட் லிம்போமா, பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா, ஹாட்ஜ்கின் லிம்போமா ஆகியவை பிறரைவிட மிக அதிகமாக வருகின்றன. வரும்போது முற்றிய நிலையிலேயே வருகின்றன. டென்மார்க் நோயாளிகளில் 6 விழுக்காடாக இருந்த ஹாட்ஜ்கின் மஜ்ஜைப் பரவல், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் 40 முதல் 60 விழுக்காடு வரை இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. நூற்றில் ஆறு பேருக்கு மட்டும் இருக்கும் ஒன்றைத் தேடாமல் விடுவதும், பாதிப் பேருக்கு இருக்கக்கூடிய ஒன்றைத் தேடாமல் விடுவதும் ஒரே முடிவாக இருக்க முடியாது.

இரண்டாவது காசநோய். விடாத காய்ச்சல், இரவில் படுக்கை நனையும் வியர்வை, உடல் மெலிவு, கழுத்தில் நெறிக்கட்டி என்னும் இத்தனையும் லிம்போமாவுக்கும் பொருந்தும், காசநோய்க்கும் பொருந்தும். காசநோய் பரவலாக உள்ள ஊரில் மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது இயல்பு; அதற்கான மாத்திரைகளைப் பல மாதங்கள் விழுங்கியும் கட்டி கரையாமல், பிறகே திசுவை எடுத்துப் பார்த்து லிம்போமா என்று அறியப்படுபவர்கள் தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளுக்குப் பழகிய முகங்கள். இந்தக் குழப்பத்தைப் பெட் சி.டி. தீர்ப்பதில்லை. அழற்சியில் ஈடுபடும் அணுக்களும் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்வதால், காசநோய்க் கட்டியும் புற்றுநோய்க் கட்டியும் படத்தில் ஒரே மாதிரி ஒளிரும். கட்டுக்குள் வராத எச்.ஐ.வி.யிலும் கணுக்கள் ஒளிரும். இரத்தசோகை இருந்தாலோ, வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசி போட்டிருந்தாலோ மஜ்ஜை முழுவதும் ஒளிரும். அது நோயா, உடலின் எதிர்வினையா என்று படத்தைப் பார்த்து அறுதியிட முடியாது. ஆக, படம் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். அங்கே இருப்பது என்ன என்பதைத் திசுவே சொல்ல வேண்டும்.

இங்கேதான் மஜ்ஜைத் துண்டு படிநிலை காணும் வேலையைத் தாண்டிய ஒன்றைச் செய்கிறது. ஒரே துண்டில் லிம்போமாவையும் தேடலாம், காசநோயின் அழற்சி முடிச்சுகளையும் தேடலாம். காசக்கிருமியைக் காட்டும் சாயமேற்றலாம், மஜ்ஜைத் திரவத்தைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பலாம், பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கழுத்தில் கையில் தட்டுப்படும் கட்டியே இல்லாமல், காய்ச்சலும் இரத்த அணுக்குறைவும் மட்டுமாக வரும் நோயாளிக்கு, வயிற்றின் ஆழத்திலுள்ள கணுவை எட்டுவதைவிட மஜ்ஜையை எட்டுவது எளிது; லிம்போமா இருப்பதே முதன்முதலில் மஜ்ஜையில்தான் தெரியவரும் நிலையும் இங்கே உண்டு. இரண்டு நோயும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் அரிதல்ல. காசநோயைக் கவனியாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் புற்றுநோய் மருந்துகளைத் தொடங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கருவிகள் கிடைக்கும் நிலையையும் பார்க்க வேண்டும். பெட் சி.டி. கருவிகள் இந்நாட்டில் பெருநகரங்களிலேயே உள்ளன. அதற்கான கதிரியக்கப் பொருளில் உள்ள ஃபுளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடங்களுக்கும் பாதியாகக் குறைந்துவிடுவது. சைக்ளோட்ரான் என்னும் எந்திரத்தில் உருவாக்கி, சில மணி நேரத்துக்குள் நோயாளியின் உடலில் சேர்த்தாக வேண்டும். சேமித்து வைத்துக்கொள்ள வழியில்லை. மாறாக, மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஓர் ஊசி, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், நல்ல நோயியல் ஆய்வகம் ஆகியவை போதும். பொதுமருத்துவமனைகளுக்கு அந்த ஆய்வகப் பணியைச் செய்வது 2001-இல் தொடங்கப்பட்ட தேசிய நலவாழ்வு ஆய்வகச் சேவை. சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு முதலில் வரும் நோயாளிகள், சிறப்புச் சிகிச்சைக்காகக் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதத்துடன் அனுப்பப்படுகிறார்கள். மருத்துவக் காப்புறுதி உள்ளவர் தனியார் மருத்துவமனையில் பெட் சி.டி. எடுத்துக்கொள்ள, அது இல்லாதவர் சி.டி. படத்தோடும் மஜ்ஜைத் துண்டோடும் நிற்பது இந்நாட்டின் இரட்டை மருத்துவ அமைப்பின் விளைவு. ஆனால் இரண்டாமவருக்குச் செய்யப்படுவது மட்டமான மருத்துவம் என்று எண்ண வேண்டாம். பெட் சி.டி. இல்லாதபோது மஜ்ஜையைப் பார்க்க வேண்டும் என்பதைப் பன்னாட்டு நெறிமுறைகளும் மறுக்கவில்லை.

எந்த நாட்டிலும் இன்னும் மஜ்ஜையைப் பார்க்க வேண்டிய வகைகளும் உள்ளன. மெதுவாக வளரும் லிம்போமாக்கள் பலவும் குளுக்கோஸை அவ்வளவாக எடுப்பதில்லை; படத்தில் அவை மங்கிவிடும். வால்டென்ஸ்ட்ராம் நோய் என்னும் மெதுவான லிம்போமா வகையில் மஜ்ஜையே நோயின் உறைவிடம்; அதைப் பாராமல் நோயின் பெயரையே உறுதிசெய்ய முடியாது. மண்ணீரல் வீங்கி, கணுக்கள் எதுவும் வீங்காத வகைகளில், மண்ணீரலை அகற்றாமலே நோயைக் கண்டறிய மஜ்ஜை உதவுகிறது. பெரிய பி-அணு லிம்போமாவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கணுவில் பெரிய அணுக்களின் வேகமான நோய் இருக்க, மஜ்ஜையில் சிறிய அணுக்களின் மெதுவான நோய் இருப்பதுண்டு. மஜ்ஜையிலும் பெரிய அணுக்களே இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். சிறிய அணுக்கள் மட்டும் இருந்தால் உடனடி ஆபத்து அந்த அளவுக்கு இல்லை, ஆனால் ஆண்டுகள் கழித்து மெதுவான வகையாக நோய் திரும்பலாம். இந்த வேறுபாட்டை எந்தப் படமும் காட்டாது.

இவ்வளவும் துண்டு தரமாக இருந்தால்தான். மஜ்ஜையில் லிம்போமா ஒரே சீராகப் பரவுவதில்லை, திட்டுத்திட்டாக இருக்கும். குட்டையான துண்டில் நோய் இல்லை என்பதற்குப் பெரிய பொருளில்லை. லுகானோ வகைப்பாடு ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை எதிர்பார்க்கிறது. ஆய்வகப் பதப்படுத்தலில் துண்டு சுருங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முன்பு இரு பக்கமும் எடுத்தார்கள். என் கருத்தில், மஜ்ஜைப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்கும் அளவுக்கு, எடுக்கும் துண்டு போதுமானதா என்பதை யாரும் விவாதிப்பதில்லை. அரை சென்டிமீட்டர் துண்டை எடுத்துவிட்டு "மஜ்ஜையில் நோய் இல்லை" என்று எழுதுவதைவிட, எடுக்காமலே இருந்திருக்கலாம்.

அச்சங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் முடங்கிவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவது இந்தப் பரிசோதனைக்குப் பொருந்தாது. ஊசி செல்லும் இடம் இடுப்பெலும்பு, தண்டுவடம் அதன் அருகில்கூட இல்லை. முதுகுத் தண்டு நீரை எடுப்பது வேறொரு பரிசோதனை. பர்கிட் லிம்போமா போன்றவற்றில் இரண்டும் தேவைப்படுவதால் குழப்பம் வருகிறது. பிரிட்டனில் ஏறக்குறைய 55,000 மஜ்ஜைப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, 26 கடுமையான பாதிப்புகளைப் பதிவுசெய்தது. அவற்றில் முதன்மையானது இரத்தக்கசிவு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருப்பது மட்டுமே இந்தப் பரிசோதனையைத் தடுக்கும் காரணமாகாது. ஊசி எடுத்த இடத்தை வழக்கத்தைவிட நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். நம் சமூகத்தில் இனிப்பு நீர் என்னும் நீரிழிவும் நெஞ்சுவலியும் இல்லாத வீடு குறைவு என்பதால், இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் அதிகம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது.

இங்கேயும் எல்லாருக்கும் இது தேவை என்று நான் சொல்லவில்லை. எச்.ஐ.வி. இல்லாத, இரத்த அணுக்கள் சரியாக உள்ள, தரமான பெட் சி.டி. எடுத்து மஜ்ஜையில் எதுவும் காணப்படாத ஓர் இளம் ஹாட்ஜ்கின் நோயாளிக்கு டர்பனிலும் ஊசி வேண்டியதில்லை. பழக்கத்தின் காரணமாக மட்டும் அதைச் செய்வது சரியல்ல. அதேபோல், மற்ற இடங்களில் நோய் பரவியிருப்பது ஏற்கெனவே உறுதியாகி, மஜ்ஜையின் முடிவு எதுவாயினும் மருந்து மாறப்போவதில்லை என்றால், எதற்காக எடுக்கிறோம் என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. காசநோயைத் தேடுகிறோம், இரத்தசோகைக்குக் காரணம் தேடுகிறோம், சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை வேண்டும் என்பன போன்ற விடைகள் வரலாம். அவை ஏற்கத்தக்க விடைகளே.

சிகிச்சை முடிந்த பிறகு மறுபடியும் ஊசி உண்டா என்பதே பெரும்பாலானவர்கள் அடுத்துக் கேட்பது. தொடக்கத்தில் மஜ்ஜையில் நோய் இல்லாதிருந்தால் பொதுவாக இல்லை. இருந்தது என்றால், பெட் சி.டி. எடுக்க முடிகிற, குளுக்கோஸை நன்கு எடுக்கும் வகை நோய்களில் படமே போதும்; மற்றவர்களுக்கு, நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று எழுதும் முன் மஜ்ஜையை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். இரத்த அணுக்கள் எதிர்பார்த்தபடி மீளாமல் குறைந்தே இருந்தாலும் மீண்டும் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் நோய் திரும்பியதாகவும் இருக்கலாம், மருந்தின் விளைவாகவும் இருக்கலாம், புதிதாக வந்த தொற்றாகவும் இருக்கலாம்.